பினாக்கா கீதமாலா: யாழ்ப்பாணத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா கொக்குவிலில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்குள் வளர்ந்தவன் என்பதால் பழைய ஒலிபரப்புகள் பற்றி ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் அனுப்பிவிடுவார்கள். 2024 பெப்ரவரி 20இல் வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி காலமான பிறகு கீதமாலா பற்றிய கேள்விகள் கூடிவிட்டன. ஒருவருக்குச் சொன்னதையே அடுத்தவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை எழுதி, எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததைக் கீழே தந்திருக்கிறேன்.

பினாக்கா கீதமாலா எண்டால் என்ன? முதலிலை இருந்து சொல்லுங்கோ.

இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் புதன்கிழமை இரவு 8 மணிக்கு வந்த பாட்டு நிகழ்ச்சி. 1952 டிசம்பரில் தொடங்கியது. பினாக்கா என்பது சீபா கம்பனியின் பற்பசை, அவர்கள்தான் செலவைக் கொடுத்தார்கள். கீதமாலா என்றால் பாட்டு மாலை. தொகுத்தவர் அமீன் சயானி. தொடங்கும்போது அவருக்கு வயது 20கூட நிரம்பவில்லை.

ஆரம்பத்தில் அரை மணித்தியாலம், 7 பாட்டு. 1954 கடைசியில் அது ஒரு மணித்தியாலமாகி, அந்தந்த வாரத்தில் எந்தப் பாட்டு மக்களிடம் முன்னுக்கு நிற்கிறது என்று வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாக மாறியது. வருடக் கடைசியில் முழு ஆண்டுக்கும் சேர்த்து ஒரு வரிசை வரும். இந்தியாவில் இன்றும் ஒரு பழைய பாட்டைச் சொல்லி “அது அந்த வருடம் கீதமாலாவில் முதலாவது” என்று கதைப்பது அந்த ஆண்டு வரிசையை வைத்துத்தான்.

அப்ப உது விருது விழாவே இல்லையே? மேடை எங்கை, கேடயம் எங்கை?

மேடை இல்லை, கேடயம் இல்லை. ஆனால் விழா இருந்தது, அது காதுக்குள் நடந்தது. ஆண்டு வரிசை ஒலிபரப்பாகும் இரவில் சயானி அடியிலிருந்து மேலே ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டு வருவார். அவர் இடங்களைச் சொல்லப் பாவித்த சொல்லே ‘பாயிதான்’, அதாவது படி. முதற்படிக்கு வரும்போது பிகுல் ஊதும். அந்த ஊதலுக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துவார் பாருங்கள், அந்த ஒரு கணத்துக்காகத்தான் கடைக்குள் பத்துப்பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

பரிசு என்று ஒன்று இருந்தது. ஆனால் அது பாடகருக்கோ இசையமைப்பாளருக்கோ போகவில்லை. தொடக்க காலத்தில் 7 பாட்டுகளையும் சரியான வரிசையில் அடுக்கி எழுதி அனுப்பும் நேயருக்கு 100 ரூபாய். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம் வந்ததாகவும், பிறகு வாரத்துக்கு 65,000 வரை போனதாகவும் சயானி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அத்தனை கடிதத்தையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போனதுதான் போட்டியை விட்டு வரிசைக்கு மாறியதற்குக் காரணம். நேயருக்குப் பரிசு என்று பிறந்த நிகழ்ச்சி நேயரையே நடுவராக்கி வளர்ந்தது. இதை விளங்கிக்கொண்டால் கீழே வரும் பல கேள்விகளுக்கு விடை தானாக வரும்.

இந்திப் பாட்டு நிகழ்ச்சி ஏன் கொழும்பிலை இருந்து வந்தது? பம்பாயிலை றேடியோ இல்லையோ?

இருந்தது. பாட்டுத்தான் இல்லை. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தை வளர்க்க வேண்டும் என்று நின்றவர். சினிமாப் பாட்டு அவருக்குப் பிடிக்காது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு சுருங்கி ஏறக்குறைய இல்லாமலே போனது. விளம்பரத்துக்கும் அங்கே இடமில்லை. 1967இல்தான் அந்த வானொலியின் பாட்டுச் சேவையான விவித் பாரதியில் விளம்பரம் தொடங்கியது.

இங்கே இரண்டும் இருந்தன. உலகப்போர்க் காலத்தில் தென்கிழக்காசியப் படைகளுக்கு ஒலிபரப்பப் பிரித்தானியர் கொண்டுவந்த வலுவான சிற்றலைப் பரப்பி கொழும்புக்குக் கிட்ட உள்ள ஏக்கலையில் நின்றது. அந்த வசதி இலங்கைக்குக் கைமாறி, 1949இல் ரேடியோ சிலோன், அதாவது இலங்கை வானொலி, உருவானது. அடுத்த வருடம் வர்த்தக சேவை தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த கிளிபோர்ட் டொட் என்ற அவுஸ்திரேலியர் அதை நடத்தினார். பாட்டுக்கு ஏங்கும் பெரிய நாடு ஒருபக்கம், பாட்டை ஒலிபரப்ப வலுவும் விளம்பரம் வாங்க அனுமதியும் உள்ள சின்ன நாடு மறுபக்கம். நடுவில் கடல். சிற்றலைக்குக் கடல் ஒரு தடையே இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போவது எனக்குப் பெரிய கவலை. இந்தியத் துணைக்கண்டத்தின் சினிமாப் பாட்டு ரசனையை ஒரு தலைமுறைக்கு மேல் ஊட்டி வளர்த்தது இந்தத் தீவின் வானொலி.

அமீன் சயானி கொழும்பிலையோ இருந்தவர்?

இல்லை. இந்தக் கேள்வியில்தான் ஆகக் கூடுதலான ஆட்கள் பிழைவிடுகிறார்கள். அவர் பம்பாய்க்காரர். அங்கேயே பேசிப் பதிவு செய்வார். நாடா கொழும்புக்கு விமானத்தில் வரும், இங்கிருந்து ஒலிபரப்பாகும். அவருடைய அண்ணன் ஹமீத் சயானி ஆங்கில ஒலிபரப்பாளர், தம்பியை இந்தத் துறைக்குள் கூட்டிவந்தவரும் அவர்தான். “பெஹனோ அவுர் பாயியோ” என்று சகோதரிகளை முன்னுக்கு வைத்து அழைக்கும் அந்தக் குரல் பம்பாயில் பிறந்து, கொழும்பில் ஏறி, திரும்ப பம்பாய்க்கே போய்ச் சேர்ந்தது.

பி.எச்.அப்துல் ஹமீதும் கீதமாலா செய்தவர் எண்டு அப்பா சொல்லுறார். சரியோ?

அப்பாவுக்கு இரண்டு நிகழ்ச்சி கலந்துவிட்டது. அப்துல் ஹமீத் தமிழ்ச் சேவையின் அறிவிப்பாளர், ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தியவர். அந்த நிகழ்ச்சி வானொலியிலிருந்து மேடைக்கும் பிறகு தொலைக்காட்சிக்கும் போனது. கீதமாலா இந்திச் சேவைக்கு உரியது. ஒரே நிலையம், வேறு வேறு சேவைகள்.

கலந்துபோவதற்குக் காரணமும் இருக்கிறது. மேலே சொன்ன அதே காரணத்தால் தமிழ்நாடும் இலங்கைப் பக்கம் காதைத் திருப்பியது. எஸ்.பி.மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் என்று எங்கள் அறிவிப்பாளர்களை அங்கே வீட்டு ஆட்களாகவே கொண்டாடினார்கள். வடக்கே சயானி பெற்ற இடத்தைத் தெற்கே இவர்கள் பெற்றார்கள்.

முதலாம் இடம் எது எண்டு ஆர் தீர்மானிச்சது? சயானி தன்ரை விருப்பத்துக்குப் போட்டவரோ?

அப்படி இல்லை. முதல் அடிப்படை, ஊர் ஊராக இசைத்தட்டுக் கடைகளில் எது எவ்வளவு விற்கிறது என்ற கணக்கு. ஆனால் அதில் ஒரு ஓட்டை. நன்றாகப் போகும் தட்டு கடையில் முடிந்துவிட்டால் அந்த வாரம் விற்பனை விழும். பாட்டின் மவுசு குறையவில்லை, தட்டுத்தான் இல்லை. அதனால் நேயர் மன்றங்களின் வாக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். சின்னச் சின்ன ஊர்களில்கூட ‘ரேடியோ ஷ்ரோதா சங்’ என்று பெயர் வைத்து, கூடியிருந்து கேட்டு, தங்கள் வரிசையை எழுதி அனுப்புவார்கள். இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜும்ரி தலையா என்ற சிறு நகரம், பாட்டுக் கேட்டுக் கடிதம் எழுதியே இந்தியா முழுக்கப் பெயர் எடுத்தது.

வாராந்த இடங்களுக்குப் புள்ளி. ஆண்டு முழுக்கச் சேர்ந்த புள்ளிதான் ஆண்டு வரிசை. நீண்ட காலம் வரிசையில் நின்ற பாட்டுக்கு ‘சர்தாஜ் கீத்’, அதாவது முடிசூடிய பாட்டு, என்று மரியாதை கொடுத்து அதை வாராந்த வரிசையிலிருந்து விடைபெற வைப்பார்கள். புதுப் பாட்டுக்கு வழிவிட வேண்டும் அல்லவா. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. வென்றவரை மேடையிலிருந்து மரியாதையோடு இறக்கிவிடத் தெரிந்த போட்டிகள் குறைவு.

காசு குடுத்துத் தட்டை மொத்தமாய் வாங்கி மேலை ஏத்தேலாதோ?

கடைக் கணக்கை மட்டும் வைத்திருந்தால் ஏற்றலாம். மன்றங்களை மட்டும் வைத்திருந்தால் பத்துப்பேர் சேர்ந்து பத்து மன்றப் பெயரில் கடிதம் போடலாம். இரண்டையும் ஒன்றுக்கொன்று சரிபார்த்தால் ஏமாற்றுவது கடினமாகும், முடியாமலே போகாது. கீதமாலா வரிசையில் களங்கமே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் 1953 முதல் வந்த முதலிடங்களை எடுத்துப் பாருங்கள். 1953இல் ‘அனார்கலி’ படத்தின் “யே ஜிந்தகி உஸீ கீ ஹை”. 1955இல் ‘ஸ்ரீ 420’ படத்தின் “மேரா ஜூத்தா ஹை ஜப்பானி”. எவரும் காசு கொடுத்து வாங்கிய இடம் இத்தனை காலம் நிலைக்காது. அந்தப் பாட்டுகளை இன்றும் தெருவில் போகிறவன் முணுமுணுக்கிறான்.

பிலிம்பேர் விருதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலையும் ஒரே பாட்டுத்தானே வெண்டிருக்கும்?

இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது. முதல் பிலிம்பேர் விழா 1954 மார்ச்சில் பம்பாயில் நடந்தது. அது ஒரு சஞ்சிகை கொடுக்கும் விருது, ஆளுக்குச் சிலை கையில் கிடைக்கும். கீதமாலாவில் வெல்வது பாட்டு.

முடிவுகள் பல தடவை ஒத்துப்போகவில்லை. 1960 படங்களை எடுங்கள். பிலிம்பேரில் சிறந்த இசை ‘தில் அப்னா அவுர் ப்ரீத் பராயி’ படத்துக்காக சங்கர் ஜெய்கிஷனுக்குப் போனது. சிறந்த பின்னணிப் பாடகர் விருது ‘சௌதவின் கா சாந்த்’ பாட்டுக்காக முகமது ரபிக்கு. ‘முகல்-ஏ-ஆஸம்’ படத்துக்கு இசையமைத்த நௌஷாத்துக்கு இசை விருது இல்லை. கீதமாலாவிலோ முதலிடம் ரோஷன் இசையமைத்த ‘பர்சாத் கீ ராத்’ படத்தின் “ஜிந்தகி பர் நஹீன் பூலேகி”. அதுவும் ரபி பாடியதே. ஒரே வருடம், மூன்று நான்கு மகத்தான படங்கள், தராசுக்குத் தராசு முடிவு வேறு. இன்னொன்றும் கவனியுங்கள்: பின்னணிப் பாடகருக்கென்று பிலிம்பேர் விருது கொடுக்கத் தொடங்கியதே 1959 விழாவில்தான். அதற்கு முன்னரே வானொலி நேயர்கள் பாட்டைத் தனியே எடைபோடத் தொடங்கிவிட்டார்கள்.

முதலாம் இடம் வராத பாட்டு தரம் குறைஞ்சதோ?

இல்லவே இல்லை. புள்ளி ஆண்டு முழுக்கச் சேர்வது என்று மேலே சொன்னேன். தை மாதம் வந்த பாட்டுக்கு ஓட நீளமான மைதானம், கார்த்திகையில் வந்ததற்குக் குறுகிய மைதானம். கசல் போல ஆறுதலாக மனதில் இறங்கும் பாட்டுகள் விற்பனையில் பின்தங்கும். அந்த வருடம் எது அதிகம் கேட்கப்பட்டது என்பதற்கு மட்டுமே இது சாட்சி.

கொழும்பு றேடியோ எண்டால் யாழ்ப்பாணத்திலை கண்ணாடி மாதிரிக் கேட்டிருக்குமே?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். சிற்றலையின் போக்கு வேறு. அது மேலே ஏறி, வளிமண்டலத்தின் உயர்ந்த அடுக்கில் பட்டுத் திரும்பி, தூரத்தில்தான் இறங்கும். இடையில் உள்ள ஊர்களைத் தாண்டிக் குதித்துவிடும். இந்தியாவின் வடக்கை நோக்கி அனுப்பிய ஒலி பீகாரில் தெளிவாக விழுந்தது. ஏக்கலையிலிருந்து சில நூறு கிலோமீற்றர் மட்டுமே தள்ளியிருக்கும் எங்களுக்கு அது கிணற்றுக்குள் போய்ப்போய் வரும்.

அப்பாவின் கடையில் ஒரு வால்வு றேடியோ. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது, வால்வு சூடேற வேண்டும். முகப்பில் பச்சைக் கண் ஒன்று மெதுவாக விரியும். நிலையம் சரியாகப் பிடிபட்டால் அந்தக் கண்ணின் இரண்டு ஓரமும் கிட்ட வரும். அப்பா குமிழை இரண்டு விரலால் மயிரிழை அளவு திருப்பி, கண் மூடுகிற இடத்தில் கையை எடுப்பார். கம்பியை முற்றத்துத் தென்னையிலிருந்து கூரைக்கு இழுத்துக் கட்டியிருந்தார். மழைக்காலத்தில் ஓலை முட்டினால் இரைச்சல் வரும். புதன்கிழமை பின்னேரம் ஏணி வைத்து ஓலையை விலக்குவது என் வேலை.

இந்தி தெரியாமல் என்னத்தைக் கேட்டனீங்கள்?

மெட்டைக் கேட்டோம், குரலைக் கேட்டோம். இங்கே தியேட்டர்களுக்கு இந்திப் படமும் வந்து போகும், பல மெட்டுகள் தமிழ்ப் படங்களிலும் ஒலிக்கும். சயானி பேசுவது பாதி விளங்காது. ஆனால் அவர் பேசினால் யாரோ எங்கள் வாசலில் வந்து நின்று சிரித்த முகத்தோடு கதைப்பது போல இருக்கும். எண்கள் மட்டும் எல்லோருக்கும் பாடம். “பெஹ்லி பாயிதான்” என்றால் முதலாம் படி என்று எங்கள் தெருப் பெடியள் அத்தனை பேருக்கும் தெரியும்.

எங்கடை பக்கத்துப் பாடகர் ஆரும் முதலிடம் வந்தவையோ?

வந்தார். 1991இல் ‘சாஜன்’ படத்தின் “தேக்கா ஹை பெஹ்லி பார்”. பாடியவர்கள் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் அல்கா யாக்னிக்கும்.

அந்த நாளை நான் மறக்கமாட்டேன். நிகழ்ச்சி அப்போது இலங்கையிலிருந்து போய்விட்டது, விவித் பாரதியில் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை, பற்றறி வரவும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவை இணைத்துச் செய்தி கேட்ட காலம். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அப்பா வரிசை எழுதும் கொப்பியோடு இருந்தார், நான் மிதியைச் சுற்றினேன். கை தளர்ந்தால் ஒலி தாழும், வேகம் எடுத்தால் ஒலி எழும். எஸ்.பி.பி.யின் குரல் என் கையின் களைப்புக்கு ஏற்ப ஏறி இறங்கியது. செய்திக்கு மட்டுமே சுற்றுவது என்று வீட்டில் சட்டம் போட்டிருந்த அம்மாவும் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

இலங்கையிலை பிறந்ததை ஏன் விட்டம்?

1989இல் நிகழ்ச்சி விவித் பாரதிக்குப் போனது. ஆனால் அதற்கான வழி எப்போதோ திறந்துவிட்டது. 1957 ஒக்டோபரில் விவித் பாரதி தொடங்கி, இந்திய வானொலியே சினிமாப் பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1967க்குப் பிறகு விளம்பரமும் அங்கேயே கிடைத்தது. உள்ளூரில் தெளிவாகக் கேட்பதற்கு ஏன் கடல் தாண்டிய சிற்றலை? தொலைக்காட்சியும் ஒலிநாடாவும் பரவியபின் அந்தக் கேள்வி இன்னும் பலத்தது. பற்பசையின் பெயர் மாறியதால் நிகழ்ச்சியும் சிபாக்கா கீதமாலா ஆனது. 1994இல் நின்றது. 2000களின் தொடக்கத்தில் கொல்கேட் சிபாக்கா பெயரில் கொஞ்சக் காலம் திரும்ப வந்தது.

இப்ப எப்.எம். காரர் வாக்கெடுத்து விருது குடுக்கினம். அதுவும் இதுவும் ஒண்டுதானே?

வானொலியிலிருந்து பிறந்தவை என்ற அளவில் ஒன்றுதான். ஆனால் வாக்கு எப்படி எண்ணப்பட்டது என்று சொல்லாத விருதை நான் மதிப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு உள்ளூர்ப் போட்டியில் ஒரே ஆள் ஒரே இரவில் நாற்பது குறுஞ்செய்தி அனுப்பினார், அத்தனையும் எண்ணப்பட்டது. வென்ற பிள்ளை நன்றாகப் பாடியவள்தான். ஆனால் அந்த நாற்பதால் அவளுடைய வெற்றிமேல் சந்தேகம் விழுந்தது. அது அவளுக்குச் செய்த அநியாயம்.

யாராவது இங்கே ஈழத்துப் பாடல்களுக்கு ஆண்டு வரிசை தொடங்க நினைத்தால் மூன்றே விஷயம் கேட்பேன். இரண்டு வேறு வழியில் எண்ணுங்கள். வாராவாரம் முடிவை ஒலிபரப்புங்கள், கடைசி நாளில் மட்டும் வந்து சொல்லாதீர்கள். நீண்டநாள் நின்ற பாட்டுக்கு முடிசூட்டி வழியனுப்புங்கள்.

பழைய நிகழ்ச்சி இப்ப எங்கை கேக்கலாம்?

சயானியே தன் குரலில் திரும்பத் தொகுத்துப் பேசிய ‘கீதமாலா கீ சாவோன் மேன்’ என்ற தொடரை சரிகம என்ற இசை நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் இசைத்தட்டு நூலகத்தில் பழைய இந்திப் பாட்டுகளின் பெரிய சேமிப்பு உண்டு.

எங்கடை பெரியப்பாவின்ரை கொப்பியிலை இருக்கிற வரிசை இணையத்திலை இருக்கிற வரிசையோடை ஒத்துப்போகேல்லை. எது பிழை?

இரண்டும் சரியாக இருக்கலாம். முதலில், அவர் எழுதியது வார வரிசையா ஆண்டு வரிசையா என்று பாருங்கள். தேதி புதன்கிழமையாக விழுந்து, அது டிசம்பர் கடைசி இல்லை என்றால் பெரும்பாலும் வார வரிசை. ஆண்டின் முதலிடப் பாட்டு ஒரு குறிப்பிட்ட வாரத்தில் ஐந்தாவதாக இருந்திருக்கும், அதில் முரண்பாடு இல்லை. அடுத்தது எழுத்து. இந்தி தெரியாத ஆட்கள் காதில் விழுந்ததைத் தமிழில் எழுதியிருப்பார்கள். அப்பாவின் கொப்பியில் “ஜிந்தகி” ஓரிடத்தில் ‘சிந்தகி’, இன்னோரிடத்தில் ‘இந்தகி’. படத்தின் பெயர் இருந்தால் அதை வைத்துத் தேடுங்கள். கடைசியாக, ஒலி கிணற்றுக்குள் போன நேரத்தில் ஒரு படி தவறியிருக்கலாம். அப்பா அப்படித் தவறிய இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு விடுவார். ஊகித்து நிரப்பமாட்டார்.

கொப்பியை மட்டும் எறிந்துவிடாதீர்கள். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஆண்டு வரிசைகள். வார வரிசைகள் இப்படியான கொப்பிகளில்தான் மிச்சம் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், கோடு போட்ட இடங்களையும் சேர்த்து. விரும்பினால் கொண்டுவாருங்கள், அப்பாவின் கொப்பியோடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். 1968 ஆவணியில் எனக்கு இரண்டு புதன்கிழமை இல்லை.